அப்பாவின் பூட்டு காணாமல்போன நாள்

எங்கள் வீட்டில் பூட்டி வைக்கும்படியான பொருள் எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் தெருவிலேயே நல்ல பூட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் கனத்த பூட்டு. மேலே சிவப்புப் பெயிண்ட், அடியில் ஆணியால் கீறிய அப்பாவின் முதலெழுத்து. வாசல் கதவுக்கு ஒரு கொக்கியும் சணல் கயிறும் போதும் என்று விட்டுவிட்ட அப்பா, இந்தப் பூட்டை மட்டும் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் ஸ்பானர்களோடு போட்டு வைத்திருப்பார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார்.

அப்போது நாங்கள் மாப்பிள்ளையூரணியில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கரி யார்டில் ஃபிட்டர் வேலை பார்த்தார். கப்பலில் இறங்கும் நிலக்கரியைக் கொண்டுவந்து அங்கே மலை மலையாகக் குவித்திருப்பார்கள். குவியலிலிருந்து ஒரு நீளமான ரப்பர் பெல்ட் சரிவாக மேலேறிப்போய், உயரத்தில் நிற்கும் பெரிய தொட்டியில் கரியைக் கொட்டும். தொட்டிக்கு அடியில் வரிசையாக லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகும். அந்த பெல்ட்டை இழுக்கிற உருளைக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பல்சக்கரங்கள். பெரிய சக்கரம் என் நெஞ்சு உயரம் வரும் என்று அப்பா கையால் காட்டியிருக்கிறார். பல் தேய்ந்தாலோ உடைந்தாலோ கியரைக் கழற்றி வேறு கியர் மாட்டுவதுதான் அவருடைய வேலை.

பூட்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"நா மேல பெட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிப்பேன். கீழ எவனாவது தெரியாம வந்து சுவிட்சப் போட்டுட்டாம்னா என்ன ஆவும்? அதான் சுவிட்சுப் பெட்டியப் பூட்டிட்டுச் சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுதது. நா எறங்கி வந்து தொறந்தாத்தான் கரண்டு."

யார்டில் வேறு யாரும் அப்படிப் பூட்டுவதில்லை. அட்டையில் 'வேலை நடக்கிறது' என்று எழுதித் தொங்கவிடுவார்கள். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும். கம்பெனி பூட்டுத் தரவில்லை. அப்பாவே கடையில் வாங்கிப் பெயிண்ட் அடித்துக்கொண்டார். இதற்கு முன் வேறு ஊரில் வேலை பார்த்த இடத்தில் எதையோ பார்த்துவிட்டுத்தான் இந்தப் பழக்கம் வந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். என்ன பார்த்தார் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை.

மாமாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. படிப்பை விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவரை அம்மா கெஞ்சியதன்பேரில் அப்பா தன்னுடன் யார்டில் சேர்த்துவிட்டிருந்தார். அப்போது மாமாவுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். எட்டயபுரம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள்; தை பிறந்ததும் கல்யாணம்.

அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முன்னால் உப்பு வாரி முடிக்கவேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். எனக்குத் தலைவாரி இரட்டைச் சடை போட்டுவிடுவது மாமாவின் பொறுப்பாக ஆகிப்போனது. முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் அம்மாவைவிட இறுக்கமாகப் பின்னக் கற்றுக்கொண்டார். ரிப்பனை மடித்துக் கட்டும்போது இரண்டு பூவும் ஒரே அளவில் வரவேண்டும் அவருக்கு. வராவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். என்னோடு படித்த பிள்ளைகள், யார் கட்டிவிட்டது என்று கேட்டால் நான் அம்மா என்று சொல்லிவிடுவேன். மாமாவிடம் இதைச் சொன்னதில்லை.

மாதா கோயில் திருவிழாக் கடையில் மாமா எனக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா டப்பா வாங்கித் தந்தார். இருபத்துநாலு நிறம். என் தங்கைக்கு அப்போது நாலு வயது. எதைக் கண்டாலும் மூடியைக் கழற்றிக் கடிப்பாள். ஸ்கெட்ச் பேனாக்களை என் தகரப் பெட்டியில் வைத்தேன். பெட்டிக்குக் கொண்டி இருந்தது, பூட்டு இல்லை. இரண்டே நாளில் ஊதா நிறப் பேனாவின் முனை நசுங்கிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பை மூலையில் இருந்தது. திறந்த வாக்கில் பூட்டு மேலாகவே கிடந்தது. என் பெட்டிக்கு அது எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டுமே எடுத்தேன். கொண்டியில் மாட்டினேன். பெட்டிக்கே ஒரு மரியாதை வந்துவிட்டதுபோல இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் என்ன என்று தோன்றியது. அழுத்தினேன். 'க்ளிக்' என்றது.

திறக்கவேண்டுமானால் சாவி வேண்டும். சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. ஹேர்பின்னை நுழைத்துப் பார்த்தேன். பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டதும் பெட்டியோடு பூட்டையும் தூக்கிப்போய்க் கட்டிலுக்கு அடியில், பழைய சாக்குகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். நாளைக்கு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நாளைக்கு என்பது சீக்கிரமே வந்துவிட்டது. காலை ஆறரை மணிக்கே அப்பாவின் போன் அடித்தது. யார்டு சூப்பர்வைசர். பெரிய கியரில் இரண்டு பல் உடைந்து பெல்ட் நின்றுவிட்டது, லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, உடனே வரவேண்டும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே பையைத் தூக்கினார். வழக்கம்போல உள்ளே கைவிட்டுத் துழாவினார். பிறகு பையைத் தரையில் கவிழ்த்தார். ஸ்பானர்கள் கலகலவென்று கொட்டின.

மாமா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது.

"ஏளா, பூட்டப் பாத்தியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது.

"யார்டுலயே விட்டுட்டு வந்திருப்பீய அத்தான்," என்றார் மாமா. "அங்கன போயிப் பாத்துக்கிடலாம்."

அப்பா ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துப் போட்டார். மறுபடி போன் அடித்தது. மாமா எழுந்து, "இன்னொரு பக்கம் நீயே பின்னிக்கோளா, இன்னைக்கு ஒருநா," என்று சீப்பை என் மடியில் போட்டுவிட்டு ஓடினார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். தெருமுனையில் மாமாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

பதினொரு மணி இருக்கும். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு வாசலில் டீச்சரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவில் போகும்போது, "மாமாவுக்குக் கையில லேசா அடி பட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல," என்று அந்த அக்கா மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அம்மா உப்பளத்திலிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அன்று முழுக்க நானும் தங்கையும் பக்கத்து வீட்டில் இருந்தோம். பெரியவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நாங்கள் விளையாடுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். கியரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சக்கரம் சுற்றிவிட்டது. வலது கை. கட்டை விரல் தப்பிவிட்டது, மற்ற நான்கும் இல்லை. ஒரு தாத்தா கேட்டார்: "அவுகதான் எப்பவும் பூட்டுப் போடுவாகளே?" இன்னொருவர் சொன்னார்: "இன்னைக்குப் போடலயாம்."

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் வெளிக்குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார், மண்ணைப் போட்டுத் தேய்த்தார், மறுபடி சோப்புப் போட்டார். கிரீஸ் கறுப்பும் சிவப்பும் கலந்து தண்ணீர் ஓடியது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை சுத்தமான பிறகும் அவர் குழாயை மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்து வாசலெல்லாம் தண்ணீரான பின் நான்தான் போய் மூடினேன். அவர் என்னை யாரோ போலப் பார்த்தார்.

அம்மா மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என் தம்பிய ஒங்க கையில நம்பித்தான குடுத்தேன்."

அதற்குப் பிறகு அம்மா அவரோடு சண்டை போடவும் இல்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்பாள். எதிரே உட்கார்ந்து பேசுவது நின்றுவிட்டது. எங்கள் வீட்டுச் சத்தங்களில் பாதி அவர்கள் இருவரின் பேச்சாகத்தான் இருந்திருக்கிறது என்பது அது இல்லாமல்போன பிறகே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு சூப்பர்வைசர் ஆபீஸ் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். அம்மா மாமாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆபீஸ் ஆள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தாள் இங்கிலீஷில் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"பெருசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பூட்டுப் போடாம வேல பாத்துட்டேன், அது என் கவனக்குறைவுன்னு இருக்கு. விசாரணைக்கு வைக்கணும்லா," என்றார் சூப்பர்வைசர்.

"மாப்ளைக்கு நீங்க சொன்ன அந்த யார்டு கேட் வேல?" என்று மாமாவுக்காகக் கேட்டார் அப்பா.

"அது எம்பொறுப்பு. கை ஆறுனதும் வரச் சொல்லுங்க. உக்காந்து பாக்குற வேல."

அப்பா கையெழுத்துப் போட்டார். பேனா அவரிடம் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் என் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் பேசியது முழுக்க என் காதில் விழுந்தது. ஆனால் பூட்டு வேறு, கேட் வேலை வேறு என்றுதான் நினைத்தேன். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: பூட்டுப் போடாததால் மாமாவின் விரல்கள் போயின என்று இங்கிலீஷிலேயே எழுதியாகிவிட்டது. பூட்டு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் கட்டிலில் படுப்பதில்லை. தரையிலும் கட்டில் இருந்த பக்கம் படுப்பதில்லை. பாம்பு கனவில் வருகிறது என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். அம்மா வேப்பிலை கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள்.

மாமா ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய கட்டு. முகம் சிறுத்து, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வந்த மறுநாள் காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு, அவர் தரையில் உட்கார்ந்து இடது கையில் சீப்பை எடுத்துக்கொண்டு, "வாளா மருமவளே," என்று என்னைக் கூப்பிட்டார். நான் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வகிடு எடுத்தார். முடியை மூன்றாகப் பிரித்தார். கட்டுப்போட்ட கையின் விளிம்பால் ஒரு பிரியை அழுத்திக்கொண்டு, கட்டை விரலால் இன்னொன்றைப் பிடிக்கப் பார்த்தார். அது நழுவியது. மறுபடி பிரித்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். கடைசியில் முடியை அப்படியே சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, "இன்னைக்கு இப்டியே போ," என்றார்.

அன்று சாயங்காலம் நான் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் என் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. மாமாவுக்கு இனிக் கஷ்டம் இருக்காது என்று நினைத்தேன். அவர் சிரிப்பார், தலையில் குட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். நேரே போய் அவருக்கு முன்னால் நின்றேன். மாமா பார்த்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா வந்து என்னை அடித்தாள். அதற்கும் அவர் திரும்பவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

எட்டயபுரம் பக்கத்துப் பெண் வீட்டார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். வரும் தை வேண்டாம், ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பிறகு வரவில்லை.

அப்பாவை யார்டில் மறுபடி கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட்ட தாளே அதற்கும் உதவியது. டவுனில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். மாமாவுக்கு மட்டும் சொன்னபடி கேட் வேலை கிடைத்தது. யார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற லாரிகளின் நம்பரை இடது கையால் எழுதப் பழகினார். காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் கிளம்புவார்கள். முன்பு ஒரே பைக்கில் போனவர்கள், இப்போது இரண்டு திசையில் போனார்கள்.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்லவேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அன்று சனிக்கிழமை, எனக்கு அரைநாள் பள்ளிக்கூடம். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டில் வெளியே கிடந்தது. அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என் தகரப் பெட்டி அவர் மடியில் இருந்தது.

பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றேன். அப்பா பூட்டைப் புரட்டி அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியை அப்படியே குனிந்து நுழைத்துத் திருப்பினார். நான்கு மாதமாக என்னால் திறக்க முடியாதது அரை நொடியில் திறந்துகொண்டது. உள்ளே ஸ்கெட்ச் பேனாக்கள். டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இங்கன வா."

போனேன். அடிப்பார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"இதுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்லளா," என்றார். "ஒம்மேல ஒரு குத்தமும் கெடையாது. வெளங்குதா?"

தலையை ஆட்டினேன். அவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு பதில் வரவேண்டும், அது வந்த பிறகுதான் எழுந்திருப்பார் என்பதுபோல இருந்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டியை அவர் மடியிலிருந்து நானே எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். பூட்டு அவர் கையிலேயே இருந்தது. பிறகு அது என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. பிள்ளை பயப்படக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிற பொய் எனக்குத் தெரியும். 'லேசா அடி பட்டிருக்கு' என்று ஆட்டோவில் கேட்ட பொய்யின் இனம்தானே இதுவும்.

வருஷங்கள் போயின. மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி இரண்டு பையன்கள். நான் படித்து, கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லேத் பட்டறையில் கண் கெட்டுப்போய் வீட்டோடு இருந்த அப்பா, போன வருஷம் மாசி மாதத்தில் இறந்தார். கடைசிவரை அம்மா அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து பேசவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாமாவும் நானும் வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மாமா ஒற்றைக் கட்டை விரலால் நாற்காலியின் முதுகைக் கொளுவித் தூக்கி வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொண்டி, க்ளிக், 'இல்லப்பா' என்று சொன்னது, எல்லாவற்றையும்.

மாமா என் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதயா இத்தன வருசமா நெஞ்சுல வச்சிக்கிட்டு அலஞ்ச?"

"பூட்டு இருந்திருந்தா..."

"இருந்திருந்தா என்ன? அன்னைக்கு எவனும் சுவிட்சே போடலளா. பூட்டு இல்லன்னு அத்தான் பியூஸையே புடுங்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டுத்தான் மேல ஏறுனாரு. கரண்டே கெடையாது."

"பின்ன எப்படிச் சுத்துச்சு?"

"பெல்ட்டு மேல கரி கெடந்துச்சுல்லா. சரிவு பூரா அம்புட்டுக் கனம். அது கீழ வரத்தான பாக்கும்? பின்னால உருளாமப் புடிச்சு வைக்க அந்தப் பெட்டியில ஒரு புடி உண்டு. கியரக் கழத்தணும்னா மொதல்ல அந்தப் புடியக் கழத்தணும். அதுக்கு முன்னால கரி அம்புட்டையும் அள்ளி எறக்கிறணும். அதான் மொற. பூட்டு கரண்டப் பூட்டும். கனத்த அது எங்கன பூட்ட?"

"ஏன் அள்ளல?"

மாமா தெருவைப் பார்த்தார்.

"அரைநா ஆவும். சூப்பர்வைசரு லாரி நிக்குன்னு குதிச்சான். உருளையச் செயின் போட்டுக் கட்டிக்கிட்டு வேலயப் பாருங்கன்னான். அத்தான் முடியாதுன்னு ரெண்டு தடவ சொன்னாரு. மூணாவது தடவ சொல்லல. செயின் பழசு. நா கியர்ப் பல்லுல கை வச்சு நவுத்தும்போது பட்டுன்னு அறுந்துட்டு."

அவரே மேலே சொன்னார். கரி அள்ளாமல் வேலை வாங்கினார்கள் என்று எழுதினால் பழி சூப்பர்வைசர் மேல் வரும், கம்பெனி மேல் வரும். பூட்டுப் போடவில்லை என்று எழுதினால் ஃபிட்டரோடு முடிந்துவிடும். அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் மாமாவுக்கு கேட் வேலை. இதை மாமாவிடமே அப்பா பல வருஷம் கழித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில வச்சே சொல்லக்கூடாதுன்னுட்டாரு. சொன்னா நேரா யார்டுக்குப் போயிச் சண்ட புடிப்பா, எனக்கு உள்ள வேலயும் போயிரும்னு." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே சொல்லி என்னளா செய்ய? அவ தாங்குவாளா?"

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மீதி நாற்காலிகளை அடுக்கினோம். இன்றுவரை அம்மாவிடம் இருவருமே சொல்லவில்லை. அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுகிறேன்.

வெள்ளையடித்த அந்தச் சனிக்கிழமையை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்பா எனக்குச் சொன்னது ஆறுதல் இல்லை. எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைப் பொய் என்று நம்பி நான் வளர்ந்தேன். இங்கிலீஷ் தாளில் இருந்த பொய்யை உண்மை என்று நம்பினேன். இது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதங்களில் வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து நின்ற ஆள் நான் ஒருத்திதான். அம்மா பார்ப்பதில்லை, மாமாவை அவர் பார்க்கமாட்டார். ஒம்மேல ஒரு குத்தமும் கெடையாது என்று அவர் என்னிடம் சொன்னது முழு உண்மை. அதையே நான் அவரிடம் திருப்பிச் சொல்லியிருந்தால் அது பாதி உண்மையாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது தடவை முடியாது என்று சொல்லாத மனிதருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டும் என்று இருந்திருக்கிறது. சின்னப் பிள்ளை சொன்னால்கூடப் போதும் என்று இருந்திருக்கிறது. அதற்காகத்தான் அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. நான் மன்னிப்பை யோசித்துக்கொண்டு நின்றேன்.